கோஷா ரூமில் ஒரு தலைகீழ்ப் பூ

பாய்,

நேற்றுக் காலை என் மருமகள் துவைக்கப் போட்டிருந்த சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் என் மகனிடம் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். அல் குசைஸில் எங்கள் வீட்டுச் சுவர்கள் அட்டை மாதிரி. எனக்குக் கேட்டுவிட்டது.

"மாமா குடிச்சிருக்காங்க போலங்க."

எழுபது வயதில் எனக்கு வந்த பெயரைப் பார். எழுந்து போய் நேராகவே சொன்னேன். "அது என் மேல அடிக்கிற வாடை இல்லம்மா. நான் உக்காந்திருந்த பெஞ்சோட வாடை. நாப்பது வருசமா எவனெவனோ அதுமேல கொட்டுன பீரு." அவள் தலையை ஆட்டினாள், ஆனால் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். சட்டையை அவள் கையிலிருந்து வாங்கி நானும் முகர்ந்து பார்த்தேன். பீர் இருந்தது. அதற்கு அடியில் நாம் துணிப்பந்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்தோமே, அந்தப் பாலிஷ் இருந்தது. ஊறிப்போன பழைய மரம் இருந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பர்துபாயில் அந்தப் பழைய ஹோட்டலுக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்தில் இருக்கிற பப்புக்கு. நீயும் நானும் பெட்டி பெட்டியாகப் பிரித்து மாட்டிய பப்புக்கு.

ஏன் போனேன் என்று கேட்பாய். உன்னால்தான் போனேன். இரண்டு வாரத்துக்கு முன் உன் மூத்தவன் பஷீர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். ஜெபல் அலியில் அவன் வேலை பார்க்கும் கிடங்கில் ஒரு மேனேஜர் ஊரைவிட்டுப் போகிறாராம். அவருக்கு விருந்து வைக்க எல்லோரையும் அந்த இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இவன் மூலையில் எலுமிச்சை ஜூஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், உன் பிள்ளைதானே. தலையைத் தூக்கினால் சுவரில் நீ நிற்கிறாய். இருபத்தாறு வயது, கையில் ஸ்குரு டிரைவர், பக்கத்தில் பூச் செதுக்கிய அந்தப் பலகை. படத்துக்குக் கீழே ஒரு அட்டை. அதில் இங்கிலீஷில் நாலைந்து வரி.

அந்த வரிகளின் சாரம் இதுதான்: இந்த ஒரு பலகை மட்டும் தலைகீழாக இருப்பதைக் கவனித்தீர்களா? இதை மாட்டிய தச்சர், திறப்பு விழாவுக்கு வந்து இறங்கியிருந்த சரக்கை முதல் ஆளாக ருசி பார்த்துவிட்டார் என்று கதை. பூவைத் தொட்டுவிட்டுப் போங்கள், அதிர்ஷ்டம் வரும்.

படத்தின் கீழே பஷீர் எழுதியிருந்தான்: "மாமா, இது எங்க அத்தாதானே? அத்தா குடிச்சிருக்காங்களா?"

நாற்பது வயது தாண்டிய மனிதன் பாய் அவன். காதோரம் நரைத்துவிட்டது. அவன் கேட்ட கேள்வியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ உயிரோடு இருந்தால் சிரித்திருப்பாய். உனக்குச் சிரிப்பு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கு அப்படி இல்லை. "குடிச்சதில்ல. ஒரு சொட்டு இல்ல. வெள்ளிக்கிழமை வா, ரெண்டு பேரும் போய் அந்த அட்டையக் கழட்டுவோம்" என்று பதில் போட்டேன்.

*

உனக்கு நினைவிருக்கிறதா, அந்தப் பெட்டிகள் வந்த நாள்? இங்கிலாந்தில் எங்கோ இடித்த ஒரு பழைய கடையை அப்படியே கழற்றி, மரத்துக்கு மரம் எண் போட்டு, கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். கருத்த மகோகனி. தங்க எழுத்துச் செதுக்கிய கண்ணாடிகள். ஈயம் வார்த்து ஒட்டிய வண்ணக் கண்ணாடித் துண்டுகள். கூரைக்குப் பூ அடித்த தகரம். இவ்வளவும் நம் கேம்ப் ரூம் இரண்டைச் சேர்த்தால் எவ்வளவோ அந்த அளவு இடத்துக்குள் போக வேண்டும்.

முதல் நாள் உள்ளே நுழையும்போது நாம் இருவருமே செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போனோம். யாரும் சொல்லவில்லை. அந்தச் செதுக்கு வேலையைப் பார்த்ததும் கால் தானாக அப்படிச் செய்தது. ஃபோர்மேன், அந்தப் பஞ்சாபிக்காரர், "ஷூ! ஷூ பஹனோ!" என்று, ஷூவை மாட்டச் சொல்லிக் கத்தினார். நீ என் காதில், "பங்காளி, கள்ளுக்கடைக்குச் செருப்பக் கழட்டிட்டு வந்த மொத ரெண்டு பேரு நம்மதான்" என்றாய்.

நீ என்னைப் பங்காளி என்பாய். கேம்பில் எல்லோருக்கும் அது வேடிக்கை. தொண்டிக்காரத் துலுக்கனும் அறந்தாங்கிக்காரனும் எந்த வழியிலய்யா பங்காளி என்று கேட்பார்கள். "ஒரே கட்டிலு. மேல்தட்டு அவனுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. பாகம் பிரிச்சாச்சு" என்பாய்.

நான் உன்னிடம் கேட்டேன், குடிக்கிற இடத்தில் வேலை செய்ய உனக்கு ஒன்றும் இல்லையா என்று. நீ யோசித்துவிட்டுச் சொன்னாய்: "நான் மரத்துக்கு வேலை செய்றேன். உள்ள என்னத்த ஊத்துவான்னு மரத்துக்குத் தெரியாது." ஆனால் பார் மேசையில் சாப்பாட்டுத் தூக்கை வைக்க மாட்டாய். பாட்டில் ஒன்றுகூட வந்து சேராத காலம் அது. அப்போதும் வைக்க மாட்டாய். தரையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாய். இந்த மனிதனைத்தான் குடிகாரன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேசைக்கு அடியில் கால் வைப்பதற்கென்றே ஒரு பித்தளைக் கம்பி. அதை மாட்டும்போது எனக்குக் கோபமே வந்தது. நம் வீடுகளில் பித்தளையைப் புளி போட்டு விளக்கி மேலே வைப்போம், இவர்கள் மிதிப்பதற்கு வைக்கிறார்களே என்றேன். நீ, "மிதிக்கட்டும் விடு பங்காளி, பாலிஷ் போட ஆள் மிச்சம்" என்றாய்.

ஒரு மூலையில் சின்னதாய் ஒரு அறை. அரைக்கதவு, பாருக்குள் திறக்கிற ஒரு சிறு ஜன்னல். நான் அதை டிக்கெட் கொடுக்கிற இடம் என்று நினைத்தேன். உள் அலங்காரம் வரைந்த வெள்ளைக்காரர் வந்தபோது சைகையும் பேச்சுமாக விளக்கினார். அந்தக் காலத்தில் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் அங்கே உட்கார்ந்து குடிப்பார்களாம். ஜன்னல் வழியாகக் கிளாஸ் வருமாம். நீ கண்ணை அகல விரித்தாய். "அட, அப்ப இது கோஷா ரூமு!" அதற்குப்பிறகு நமக்கு அது கோஷா ரூம்தான். ஃபோர்மேனே கடைசியில் "கோஷா மே கித்னா பாக்கி ஹை?", கோஷாவில் எவ்வளவு மிச்சம், என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கோஷா ரூமுக்கான பலகைதான் பாய் நம்மைப் பிரித்தது.

அது வந்த பெட்டி துறைமுகத்தில் நனைந்துவிட்டது. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். 'இந்தப் பக்கம் மேலே' என்று பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதைக் கூட்டிக் கூட்டிப் படித்துத்தான் அந்த மொழிக்குள் போனேன். அந்த ஒரு பெட்டியில் அந்த எழுத்து அழிந்திருந்தது. பலகையின் பின்புறம் அம்புக்குறியும் இல்லை. சதுரப் பலகை. நாலு பக்கமும் ஒரே அளவு. நடுவில் கொடியும் இலையும், அதில் செதில் செதிலாக ஒரு பூ.

நான் பார்த்ததும் சொன்னேன்: "தாமரை மொட்டு."

நீ பலகையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். கட்டைவிரலால் காம்பைத் தடவினாய். "இல்ல பங்காளி. காம்பு வளைஞ்சிருக்கு பாரு. பாரத்துல தொங்குது. இது தொங்குற பூ. நம்ம வாழைப்பூ தொங்குதுல்ல, அது மாதிரி."

"தாமரையப் பாத்திருக்கியா நீ? கடல்கரையில கெடந்தவன்."

"வாழைப்பூவ பாத்திருக்கேன்ல."

"எங்க ஊரு தேரு நாலு அடுக்கு. அடுக்குக்கு அடுக்கு மொட்டு. நான் பொறந்ததுல இருந்து பாக்குறேன். எல்லாம் மேல பாத்துத்தான் நிக்கும். மொட்ட எவனாவது தலைகீழாச் செதுக்குவானா?"

"வெள்ளைக்காரன் எதுக்குப் பங்காளி சாராயக்கடையில தாமரை செதுக்குறான்?"

அது நல்ல கேள்வி. நான் பசையைத் தடவிவிட்டேன். நீ பெருமூச்சு விட்டாய். "சரி. உன் தேரு, உன் மொட்டு" என்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டாய். ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிசகில்லாமல் தலைகீழாக மாட்டினோம்.

இரண்டு நாள் கழித்து வெள்ளைக்காரர் வந்தார். கோஷா ரூமுக்குள் தலையை விட்டவர் கத்தினார். "ஹாப்ஸ்! ஹாப்ஸ்!" என்றார். எனக்கு அது அப்போது தெரியாது. நான் பாலிஷ் டின் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது, "ஹாஃப், ஹாஃப்" என்கிறாரே, பாதிதான் தப்பு போல என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பசை காய்ந்துவிட்டது. கழற்றினால் பலகை பிளந்துவிடும் என்று ஃபோர்மேன் கைவிரித்தார். அடுத்து உன் பக்கம் திரும்பினார். "கிஸ்னே லகாயா?" யார் மாட்டினது?

நான் வாசலில் டின்னோடு நிற்கிறேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே, "மைனே" என்றாய். நான்தான்.

அடுத்த நான்காம் நாள் எனக்கு லீவு. என் தங்கை கல்யாணம். அப்பா இல்லாத வீடு, நான் போனால்தான் தாலி. அது உனக்குத் தெரியும். என்னைப் பிடித்தால் லீவைக் கிழித்துப் போடுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் இன்னொன்றும் உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உன் பெண்டாட்டிக்கு ஆறு மாதம். இன்னும் மூன்று மாதத்தில் பிரசவத்துக்கு ஊருக்குப் போக நீயும் லீவு எழுதிக் கொடுத்திருந்தாய்.

அறிக்கையோடு அனுப்ப உன்னை அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கையில் ஸ்குரு டிரைவரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். அந்தப் படம்தான் இப்போது சுவரில் இருப்பது.

கேம்ப் பஸ்ஸில் உன்னிடம் சண்டை போட்டேன். "யாரைக் கேட்டுச் சொன்னே? நான் கேட்டனா?"

"சொல்லியாச்சு. கலாஸ், முடிஞ்சுபோச்சு."

"நாளைக்குக் காலையில போய் நான்தான்னு சொல்றேன்."

"சொன்னா ரெண்டு பேருக்கும் லீவு மாஃபி, கெடையாது. உன் தங்கச்சி கல்யாணத்துல எவன் நிப்பான்? வாய மூடிட்டு வா பங்காளி."

வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதுதான் நான் செய்த காரியம். நீ தடுத்தாய், நீ சொன்னாய், நீ கேட்காமல் செய்தாய் என்று நாற்பது வருடமாக உன்மேல் கோபமாக இருந்தேன். கோபமாக இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

உன்னைச் சவுதியில், அல் கோபாரில் கம்பெனியின் இன்னொரு சைட்டுக்கு அனுப்பினார்கள். லீவு ரத்து. புதிதாக ஒப்பந்தம் போட்டார்கள். நான் ஊருக்குப் போய்த் தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன். மூன்று மாதம் கழித்து பஷீர் பிறந்தான். நீ அவனைப் பார்க்க ஊருக்குப் போனபோது அவனுக்கு இரண்டரை வயது.

*

அதற்கப்புறம் நாம் சிநேகமாகத்தான் இருந்தோம். போனில் பேசாத மாதம் இல்லை. என் மகன் கல்யாணத்துக்கு நீ வந்தாய், உன் மகள் நிக்காஹ்வுக்கு நான் வந்தேன். ஆனால் ஒவ்வொரு பேச்சும் ஒரே இடத்தில் போய் முடியும்.

"பங்காளி, அந்தப் பூவு?"

"மொட்டுதான் பாய்."

"சரி சரி."

சிரிப்பாய். நானும் சிரிப்பேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். இருபது வருடத்துக்கு முன் பர்துபாய்ப் பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி வாங்கினேன். வார்த்தை வார்த்தையாக நானே படித்தேன். ஒரு மத்தியானம் அந்த வார்த்தை கண்ணில் பட்டது. ஹாஃப் அல்ல, ஹாப். பீருக்குக் கசப்புச் சேர்க்கிற ஒரு கொடி. பக்கத்தில் சின்னதாய் ஒரு படம். காம்பு மேலே, பூ கீழே. கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. நீ கட்டைவிரலால் தடவிச் சொன்னது அப்படியே இருந்தது.

புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த வாரமே நீ போன் பண்ணினாய். "அந்தப் பூவு?" என்றாய். "மொட்டுதான்" என்றேன்.

இருபது வருடம், பாய். தெரிந்துகொண்டே சொன்னேன். உனக்குச் சிறுநீரகம் போய், வாரத்துக்கு இரண்டு தடவை மதுரைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோதும் சொன்னேன். கடைசியாகப் பேசியபோது உன் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்த மாதிரி இருந்தது. "பங்காளி, ஒத்துக்கிட்டா உனக்கு என்ன கொறஞ்சிரும்?" என்று கேட்டாய். விளையாட்டாகத்தான் கேட்டாய். நானும் விளையாட்டாகத்தான், "அது மொட்டு" என்றேன். ஒன்பதாம் நாள் பஷீர் கூப்பிட்டு அழுதான். என் பாஸ்போர்ட் அப்போது விசா மாற்றத்துக்குப் போயிருந்தது. உன் மௌத்துக்கு நான் வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை பஷீரும் நானும் போனோம். மத்தியான நேரம், கூட்டம் அதிகமில்லை. வாசலில் என் கால் ஒரு கணம் நின்றது. செருப்பைப் பற்றித்தான், வேறென்ன. பஷீர் அதைக் கவனித்தான்.

எதுவும் மாறவில்லை பாய். கண்ணாடியில் தங்க எழுத்துக்கள் ஓரத்தில் மட்டும் கறுத்திருக்கின்றன. பித்தளைக் கம்பி இடைவிடாமல் கால் பட்டு நடுவில் மெலிந்திருக்கிறது. கோஷா ரூமில் உட்கார்ந்தோம். சிறு ஜன்னல் வழியாக இரண்டு எலுமிச்சை ஜூஸ் வந்தது. எதிரே நீ. உன் பக்கத்தில் என் பலகை. எல்லோரும் தொட்டுத் தொட்டு அந்தப் பூ மட்டும் வெளுத்து மினுங்குகிறது.

மேலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான். அட்டையைக் கழற்றச் சொன்னேன்.

"ஐயா, இது கம்பனி போட்ட போர்ட். நான் கழட்டேலாது."

"எழுதியிருக்கிறது பொய்."

"பொய்யெண்டாலும் பகிடியான கதை ஐயா. சனம் இதைப் பாக்கத்தான் வருது."

"யாருக்குப் பகிடி? யாருக்குச் சிரிப்பு?"

அவர் பதில் சொல்வதற்குள் இரண்டு இளவட்டங்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை. ஒருவன் எங்கள் தலைக்கு மேல் கையை நீட்டிப் பூவைத் தொட்டான். மற்றவன் உன் படத்தைக் காட்டி, கட்டைவிரலை வாயில் வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்துக் குடிக்கிற மாதிரி செய்தான். இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

உன் மகன் ஜூஸ் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, வேணாம். வாங்க போயிரலாம்."

"நான் எந்திரிக்க மாட்டேன். ஒரு ஸ்குரு டிரைவர் கொண்டாங்க தம்பி. மாட்டுனவனுக்குக் கழட்டத் தெரியும்" என்றேன் மேலாளரிடம்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஐயாவோ மாட்டினது?"

அதுவரை நான் பஷீரிடம் அதைச் சொல்லவில்லை. குடிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவன் தலையைத் தூக்கினான்.

"எழுத்தில தாங்கோ ஐயா. என்ன நடந்ததெண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோ. நான் இங்கிலீஷில மாத்தி மேல அனுப்பிறன்" என்றார் மேலாளர். ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

எழுதினேன். பஷீர் என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தான். 'இந்தப் பலகையைத் தலைகீழாக மாட்டியவன் நான். படத்தில் இருப்பவர் அல்ல. அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. மாட்டும்போதே இது தொங்குகிற பூ என்று சொன்னார். நான் கேட்கவில்லை.'

"அத்தா சொன்னாங்களா?"

"சொன்னான்."

"அப்ப ஏன் அத்தா படத்துல நிக்கிறாங்க?"

சொன்னேன், பாய். தங்கை கல்யாணம், லீவு, நீ "மைனே" என்றது, அல் கோபார், எல்லாம். அவன் மனதுக்குள் மாதங்களைக் கூட்டிப் பார்ப்பது அவன் முகத்தில் தெரிந்தது. தான் பிறந்த மாதத்தில் வந்து நின்றான்.

"நீங்க போய்ச் சொல்லியிருக்கலாமே மாமா."

உன்மேல் நாற்பது வருடம் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் ஒரு சொல்கூட அப்போது கைகொடுக்கவில்லை. நீ தடுத்தாய் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

மேலாளர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். உள்ளே போய் ஸ்குரு டிரைவரோடு வந்தார். "மேலிடம் கேட்டா, துடைக்கக் கழட்டினதெண்டு சொல்லுறன்" என்று நாலு ஸ்குருவையும் அவரே கழற்றினார். அட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். உன் படத்தைச் சட்டத்தோடு பஷீர் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பலகையையும் திருப்பிப் போடவோ ஐயா? இப்ப நல்ல ஆக்கள் இருக்கினம், பிளக்காமல் எடுப்பினம்" என்றார்.

வேண்டாம் என்றேன். அது என் தப்பு, அது இருக்கட்டும். தொடுகிறவர்கள் தொட்டுவிட்டுப் போகட்டும்.

மெட்ரோ நிலையம் வரை பஷீர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான். படிக்கட்டு ஏறும்போது திரும்பாமலேயே சொன்னான்:

"எனக்கு ரெண்டரை வயசு மாமா, அத்தா வந்தப்ப. கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேனாம். அம்மா இழுத்துட்டு வந்து, 'அத்தாடா, அத்தாடா'ன்னாங்களாம். 'போகச் சொல்லு'ன்னு அழுதேனாம். அத்தா இத எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்வாங்க."

என்னிடமும் நீ சிரித்துத்தான் சொன்னாய். அந்தப் பிள்ளை உன்னை அத்தா என்று கூப்பிட நாற்பது நாள் ஆனது என்றும், நாற்பத்தோராம் நாள் உன் லீவு முடிந்தது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் கூடச் சிரித்தேன்.

அவன் எதிர்ப் பக்க நடைமேடைக்குப் போனான். நின்றோம், இரண்டு பக்கமும். அவன் வண்டி முதலில் வந்தது.

*

இன்று மத்தியானம் தொண்டியில் இருந்து போன் வந்தது. உன் வீட்டுக்காரி. கண் சரியாகத் தெரியவில்லை என்று வருத்தப்படுவாளே, இப்போது கண்ணாடி மாற்றியிருக்கிறாளாம். பஷீர் அந்தப் படத்தைப் போனில் அனுப்பியிருக்கிறான். அந்தக் காலத்துப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையாம், அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"அண்ணே, எம்புட்டு ஒல்லியா இருக்காக பாத்தீகளா? தலை நெறைய முடி! நான் மறந்தே போயிட்டேண்ணே."

"ஆமா தங்கச்சி."

"பேரப்பிள்ளைக எல்லாம் இது யாரு யாருங்குதுக. பெருசாப் போட்டு மாட்டப் போறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். இதுல ஏன் மூஞ்சிய இப்புடி வச்சிருக்காக? போட்டோன்னாலே பல்லக் காட்டுற மனுசன்ல. எதுக்குண்ணே அன்னைக்கி அம்புட்டுக் கவல? பஷீருகிட்டக் கேட்டேன். மாமாவுக்குத்தான் தெரியும், அவுககிட்டயே கேளுங்கன்னுட்டான்."

யாழ்ப்பாணத்துக்காரருக்கு முன்னால், உன் மகனுக்கு முன்னால் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான், பாய். பிரசவ அறையில் உன்னைத் தேடியவளிடம், இரண்டரை வருடம் பிள்ளையைத் தனியாகத் தூக்கி வளர்த்தவளிடம், ஒரு வார்த்தை வரவில்லை.

"லைன் சரியில்ல தங்கச்சி. ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"அண்ணே? அண்ணே? கேக்குதா? ஏன் கவலையா நிக்கிறாகன்னேன்."

"கேக்கல தங்கச்சி" என்று வைத்துவிட்டேன்.

கேட்டது பாய். நன்றாகக் கேட்டது.